பள்ளிப் பிள்ளைகளோடு ஜப்பானுக்கு: முதல்முறை பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு

பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "அங்கே பாதுகாப்பா இருக்குமா சார்?" என்பதுதான். ஜப்பானில் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் முதுகில் பையோடு தனியாக ரயிலேறிப் பள்ளிக்குப் போவதைப் பார்க்கலாம். திருட்டு, வம்பு பற்றிய பயம் உங்கள் பட்டியலில் கீழே வந்தால் போதும். அங்கே ஆசிரியரைத் தவிக்க வைப்பவை வேறு: பெரிய நிலையத்தில் ஒரு பிள்ளை பிரிந்துபோவது, சைவப் பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் சோர்ந்து விழுவது, ரயில் நிற்கும் ஒரு நிமிடத்துக்குள் முப்பது பேர் இறங்கி முடியாமல் போவது. இவை எல்லாவற்றையும் ஊரிலேயே, பள்ளி மைதானத்திலேயே பழக்கிச் சரிசெய்துவிடலாம். அதனால்தான் விமானம் ஏறுவதற்கு முந்தைய வேலைக்கே இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தேதி

நம் பள்ளிகளுக்கு வசதியான காலம் ஏப்ரல் கடைசி, மே. அங்கே ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். 'கோல்டன் வீக்' என்பார்கள். அந்த வாரத்தில் நாட்டில் பாதிப்பேர் பயணத்தில் இருப்பது போலத் தோன்றும். விடுதி விலை ஏறும், ரயிலில் சேர்ந்தாற்போல் இருக்கை கிடைக்காது. நீங்கள் பார்க்க நினைத்த பள்ளியும் மூடியிருக்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் மே இரண்டாம் வாரத்துக்குப் பிறகு கிளம்புங்கள். ஜூனில் மழைக்காலம். ஆகஸ்டில் டோக்கியோவின் புழுக்கம் சென்னைக்குக் குறைந்ததல்ல. மாத நடுவில், முன்னோரை நினைக்கும் ஓபோன் விடுமுறைக் கூட்டமும் சேரும். செப்டம்பரில் புயல். என்னைக் கேட்டால் மே நடுப்பகுதிதான் பிள்ளைகளுக்குச் சுகமான காலம்: மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும்.

தாள்கள்

விசா விண்ணப்பத்துக்கு வேண்டிய தாள்களின் பட்டியல் அவ்வப்போது மாறும். சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் இணையதளத்தில் உள்ளதை மட்டும் நம்புங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் என்பதால் தாய், தந்தை இருவரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை முதல் கூட்டத்திலேயே சரிபாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். காலாவதியானதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடிக்கும் குடும்பம் எல்லாக் குழுவிலும் ஒன்று இருக்கும். குடிநுழைவு, சுங்க விவரங்களை 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் முன்கூட்டியே பதிந்து க்யூஆர் குறியீடு எடுத்து வைத்தால், நள்ளிரவுப் பயணத்தில் களைத்த பிள்ளைகள் விமான நிலையத்தில் படிவம் எழுதிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

வெளிநாட்டுப் பயணிகள் எப்போதும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பதினாறு வயது நிரம்பாதவர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே சிறு பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பதினாறு ஆனவர்களிடம் அவரவர் பாஸ்போர்ட்டைக் கழுத்துப் பையில் கொடுத்துவிடுங்கள்.

ஜப்பானியப் பள்ளிகளிடமிருந்தே கற்றுக்கொள்ளுங்கள்

மாணவர்களைக் கூட்டமாக அழைத்துப் போவதில் ஜப்பானிய ஆசிரியர்களுக்கு நூறாண்டுக்கு மேல் அனுபவம். பள்ளிச் சுற்றுலாவை அவர்கள் 'ஷூகாகு ரியோகோ' என்கிறார்கள். 1886-இல் டோக்கியோவின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் போன நீண்ட நடைப்பயணத்தை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். கியோட்டோவிலோ நாராவிலோ ஒரே சீருடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நீங்களே பார்ப்பீர்கள். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, சிறு குழு. வகுப்பை ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைக்கிறார்கள். எண்ணிக்கை எடுப்பது தலைவர் வேலை. முப்பது தலையை நீங்கள் எண்ணினால் ஒருவர் விடுபடுவார். ஐந்து பேரை அவர்களில் ஒருவரே எண்ணினால் விடுபட வழியில்லை. நெருங்கிய நண்பர்களை எல்லாம் ஒரே குழுவில் போடாதீர்கள், யாருமில்லாமல் ஒதுங்கும் பிள்ளையைப் பொறுப்பான தலைவரிடம் சேருங்கள். இதைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே செய்துவிடுங்கள். பெரியவர்கள் எத்தனை பேர் வேண்டும் என்றால், எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது என் கணக்கு. மொத்தப் பயணக் குழு எவ்வளவு சிறிதானாலும் பெரியவர்கள் இரண்டு பேருக்குக் குறையக் கூடாது; ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் மற்றவர்களைப் பார்க்க ஆள் வேண்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் ஆசிரியர் கட்டாயம்.

இரண்டு, கையேடு. அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் 'ஷியோரி' என்ற சிறு புத்தகம் தருவார்கள். அன்றன்றைய நேரம், ரயில், விடுதி, அறைப் பங்கீடு, விதிகள் எல்லாம் அதில் இருக்கும். நீங்களும் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் ஒன்று அச்சிடுங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்று விடாதீர்கள். தொலைந்துபோகும் பிள்ளையின் கைப்பேசியில் அந்த நேரம் பார்த்து சார்ஜ் இருக்காது. முதல் பக்கத்தில் விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஜப்பானிய எழுத்திலேயே அச்சாகியிருக்கட்டும். விடுதிக்கு மின்னஞ்சல் போட்டால் அனுப்பிவிடுவார்கள். கீழே உங்கள் எண், இன்னொரு ஆசிரியரின் எண். பிறகு அவசர எண்கள்: காவல்துறை 110, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 119.

பிரிந்துபோனால்: இதைத்தான் ஒத்திகை பார்க்க வேண்டும்

டோக்கியோவின் ஷிஞ்சுகு ரயில் நிலையத்தில் நாளொன்றுக்குச் சுமார் முப்பது லட்சம் பேர் புழங்குகிறார்கள். வெளியேறும் வழிகள் இருநூறுக்கு மேல். அங்கே 'வாசலில் சந்திப்போம்' என்பதில் பொருளே இல்லை. எந்த நிலையத்திலும் வெளியேறும் வழியின் பெயரையோ எண்ணையோ சொல்லித்தான் பேச வேண்டும். முடிந்தவரை பெரிய நிலையங்களில் ரயில் மாறுவதையே தவிர்த்துத் திட்டமிடுங்கள். பத்து நிமிடம் கூடுதலானாலும் சின்ன நிலையத்தில் மாறுவது நல்லது.

பிள்ளைகளுக்கு மூன்றே விதிகள். ரயில் ஏறும்போது நடைமேடையில் விடுபட்டால், அதே இடத்தில் நில். ஆசிரியர் திரும்பி வருவார். எல்லோரும் இறங்கி நீ மட்டும் ரயிலில் மாட்டிக்கொண்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையிலேயே நில். தெருவில் தொலைந்தால், கண்ணில் படும் முதல் 'கோபான்' அல்லது கடைக்குள் போய்க் கையேட்டின் முதல் பக்கத்தைக் காட்டு. கோபான் என்பது தெருமுனைக் காவல் மையம்; வழி கேட்பவர்களுக்கு உதவுவது அவர்களின் அன்றாட வேலை. இந்த மூன்றையும் வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மைதானத்தில் சுண்ணாம்பால் ரயில் பெட்டி வரைந்து, இரண்டு கதவு விட்டு, விசில் அடித்து, ஒரு பிள்ளையை வேண்டுமென்றே விட்டுவிட்டுச் செய்து பார்க்க வையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் மெட்ரோவிலேயே பழக்கலாம். இரண்டு ஒத்திகையில் பதிந்துவிடும்.

நிலையங்களின் பெயர் பிள்ளைகள் வாயில் நுழையாவிட்டாலும் கவலையில்லை. டோக்கியோவில் நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. கின்ஸா தடத்தில் ஷிபுயா ஜி01, கின்ஸா ஜி09, அசகுசா ஜி19. கையேட்டில் நாள்தோறும் ஏறும், இறங்கும் நிலையங்களின் குறியீட்டைப் போட்டுவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகூட எண்களைப் பார்த்தே சரியான திசையில் போகிறோமா என்று கண்டுபிடித்துவிடும்.

காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை டோக்கியோ ரயிலில் குழுவாக ஏறாதீர்கள். அந்த நெரிசலில் கையைப் பிடித்தாலும் நிற்காது. பத்து மணிக்குக் கிளம்பும்படி ஒவ்வொரு நாளையும் அமையுங்கள். ரயிலுக்குள் முதுகுப் பையை முன்னால் மாட்டுவது, கைப்பேசியில் பேசாமல் இருப்பது, தாழ்ந்த குரலில் பேசுவது ஆகியவை அங்கே எல்லோரும் காக்கும் ஒழுங்கு. நம் பிள்ளைகள் உற்சாகமானவர்கள். அமைதி என்று பத்து முறை அதட்டுவதைவிட, பெட்டிக்கு ஒரு குழுவாகப் பிரித்து ஏற்றுங்கள். ஆறு பேர் சேர்ந்தால் பேச்சு, முப்பது பேர் சேர்ந்தால் இரைச்சல்.

கட்டணத்துக்கு, முன்பே பணம் ஏற்றிக்கொள்ளும் சுய்கா, பாஸ்மோ போன்ற அட்டைகள் வசதி. 6 முதல் 11 வயது வரை அரைக் கட்டணம். நடுநிலைப் பள்ளி வயதிலிருந்து முழுக் கட்டணம். ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்கு, குறிப்பிட்ட நாள்களுக்கு ஜேஆர் நிறுவன ரயில்களில் போக உதவும் ஜேஆர் பாஸ் வாங்குவதா என்று எல்லோரும் கேட்பார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோ–கியோட்டோ ஒருவழிக்குச் சுமார் 14,000 யென்தான். ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலும் தனிச் சீட்டே மலிவு. முன்பதிவு பொதுவாக ஒரு மாதம் முன்புதான் திறக்கும். அன்றே பதிவு செய்யுங்கள்.

ஷிங்கான்சென் இடைநிலையங்களில் ஓரிரு நிமிடமே நிற்கும். பயணப் பெட்டிகளோடு இறங்க முப்பது பேருக்கு அது போதாது. நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு டோக்கியோ–ஒசாகா தடத்தில் அதற்கென்ற இருக்கையும் முன்பதிவு செய்ய வேண்டும். எளிய வழி: பெரிய பெட்டிகளை 'தக்யூபின்' என்ற கூரியர் சேவையில் அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பிவிடுங்கள். விடுதி வரவேற்பிலேயே எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் மறுநாள் சேர்ந்துவிடும். ஒரு நாள் உடுப்பு மட்டும் பிள்ளைகளின் முதுகுப் பையில். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இறங்கும் நிலையத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே எல்லோரும் எழுந்து இரண்டு கதவருகிலும் நிற்க வேண்டும். முதலில் ஒரு ஆசிரியர் இறங்கி, கடைசியில் மற்றவர் இறங்க வேண்டும்.

சாப்பாடு

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் 'தாஷி' என்ற சாறு. பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்குவது. மிசோ சூப், சோபா, உடோன் என்ற நூடுல்ஸ் வகைகள், டெம்புரா என்ற பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, காய்கறிப் பொரியல் வரை எங்கும் இருக்கும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் அது உண்மைதான். மீன் சாறு அந்தக் கணக்கில் வராது. எனவே "சைவமா?" என்று கேட்காதீர்கள். மீன், மீன் சாறு, இறைச்சி, முட்டை ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிய ஜப்பானிய அட்டை ஒன்றைச் சைவப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். முட்டை சாப்பிடும் சைவர், சாப்பிடாத சைவர், ஜைனர், ஹலால் உணவு மட்டும் உண்பவர் என்று புறப்படும் முன் பெற்றோரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

காலை உணவு விடுதியில்: ரொட்டி, பழம், தயிர் பெரும்பாலும் கிடைக்கும். மதியத்துக்கு செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் கடைகளில் ஒனிகிரி என்ற சோற்றுருண்டை உண்டு. உமே என்ற புளிப்புக் காய் வைத்தது நம் நாக்குக்குப் பழகிய சுவைதான், ஆனால் அதிலும் மீன் சாறு சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவை உறை மேல் காட்டிப் படித்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி: உறையிலிட்ட உணவில் முட்டை, பால், கோதுமை, சோபா மாவு, நிலக்கடலை, இறால், நண்டு, வால்நட் ஆகியவற்றைக் குறிப்பிடுவது அங்கே சட்டக் கட்டாயம்.

இரவு ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிட வேண்டும். இந்திய உணவகங்கள் எல்லாப் பெரிய ஊரிலும் உண்டு. டோக்கியோவில் இந்தியக் குடும்பங்கள் அதிகம் வாழும் நிஷி-கசாய் பகுதி கிழக்கே இருக்கிறது. முப்பது பேர் திடீரென்று போய் நின்றால் எந்தக் கடையும் திணறும். முன்பே எழுதிப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலான விடுதி அறையில் வெந்நீர்க் கெட்டில் இருக்கும், ஆகவே வெந்நீர் ஊற்றினால் உப்புமாவாகும் பொட்டலங்கள், பருப்புப் பொடி, தொக்கு எடுத்துப் போங்கள். அறையில் குக்கர் வைத்துச் சமைக்கக் கூடாது. பழங்கள், கறிவேப்பிலை, விதைகள், இறைச்சி சேர்ந்த எதையும் கொண்டுபோகக் கூடாது. உரிய அரசுச் சான்றிதழ் இல்லையென்றால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். பாட்டி கட்டிக் கொடுத்த மாம்பழமும் அதில் அடங்கும், வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

மருந்து

இதில் அலட்சியம் வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை போன்றவை அளவைப் பொறுத்து அங்கே தடைசெய்யப்பட்டவை. கவனக் குறைபாட்டுக்குத் தரும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளுக்கு முழுத் தடை. மருத்துவர் எழுதிய மற்ற மருந்துகளை ஒரு மாத அளவுக்குள், அசல் உறையோடும் மருந்துச் சீட்டோடும் எடுத்துப் போகலாம். ஊசி மருந்து போடும் பிள்ளை, வலிப்பு மருந்து உண்ணும் பிள்ளை இருந்தால் இரண்டு மாதம் முன்பே விசாரிக்கத் தொடங்குங்கள். சிலவற்றுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். பயணக் காப்பீடு இல்லாமல் ஒரு பிள்ளையும் வரக்கூடாது.

பெண் பிள்ளைகளிடம் பெண் ஆசிரியர் தனியே பேசட்டும். நாப்கின் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். கழிப்பறைக்குள் அதைப் போடச் சிறு தொட்டி இருக்கும். பயண அலைச்சலில் நாள் முன்பின் ஆகலாம் என்று சொல்லி வையுங்கள், பயப்படமாட்டார்கள்.

பெட்டியில் என்ன

கழற்றி மாட்ட எளிதான, பழகிய காலணி. ஒரு நாளில் பதினைந்தாயிரம் அடியாவது நடப்பார்கள். புதுக் காலணி வேண்டாம். கோயில், பள்ளி, சில உணவகங்கள் என்று பல இடங்களில் காலணி கழற்ற வேண்டியிருப்பதால் கிழியாத காலுறை. மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு முனைச் செருகி. நம்முடையது அப்படியே பொருந்தாது. தண்ணீர் பாட்டில், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். தெருவில் குப்பைத் தொட்டி அரிது, ஆகவே ஆளுக்கொரு குப்பைப் பை. குப்பையை மாலைவரை தன்னோடு சுமக்கும் பழக்கம், ஒரு வாரத்தில் பிள்ளைகளிடம் நான் பார்த்த நல்ல மாற்றங்களில் முதன்மையானது.

குளியலும் வீட்டுத் தங்கலும்

ஜப்பானியக் குடும்பத்தோடு ஓரிரவாவது தங்க வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். குளியல் தொட்டி பற்றி மட்டும் முன்பே சொல்ல வேண்டும். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து முடித்த பிறகுதான் வெந்நீரில் இறங்குவது. அதே நீரில் அந்த வீட்டார் அடுத்தடுத்து இறங்குவார்கள். அடைப்பைத் திறந்து நீரை வடித்துவிடக் கூடாது. பொதுக் குளியலில் உடையில்லாமல் இறங்குவது வழக்கம். கூச்சப்படும் பிள்ளையை வற்புறுத்தவே கூடாது. அறைக் குளியலறை உள்ள விடுதியாகத் தேர்ந்தெடுங்கள்.

பள்ளிக்குப் போனால் நம் பிள்ளைகள் நிச்சயம் வியப்பது, அங்குள்ள மாணவர்களே வகுப்பறையையும் நடையையும் துடைப்பதைத்தான். பார்த்துக்கொண்டு நிற்காமல் துணியை வாங்கித் தாங்களும் துடைக்கச் சொல்லுங்கள். மொழி தெரியாத இரு பக்கமும் அங்கேதான் முதலில் நட்பாகும். சிறு பரிசுகளை இரு கையால் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் படத்தைப் பள்ளியின் அனுமதியின்றி எங்கும் பகிரக் கூடாது.

ஹிரோஷிமா

திட்டத்தில் ஓர் இடத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கேளிக்கைப் பூங்காவைக் குறையுங்கள், ஹிரோஷிமாவை வேண்டாம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு அணுகுண்டு விழுந்தபோது, கட்டடங்களை இடித்து அகற்றும் வேலையில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் நகரின் நடுவே இருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. உங்களோடு வந்திருப்பவர்களின் வயதுதான். அருங்காட்சியகத்தில் கருகிய உணவுப் பெட்டியும், கிழிந்த சீருடையும், மூன்று சக்கர வண்டியும் இருக்கின்றன. முன்னறிவிப்பில்லாமல் பிள்ளைகளை உள்ளே அனுப்பாதீர்கள். ஊரிலேயே ஒரு வகுப்பு எடுங்கள். சசாகி சதகோவின் கதையைச் சொல்லுங்கள். குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது, 1955-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது பன்னிரண்டு. அவளுடைய வகுப்புத் தோழர்கள் தொடங்கிய முயற்சியால் 1958-இல் குழந்தைகளின் அமைதி நினைவுச் சின்னம் எழுந்தது. நோயில் படுத்திருந்தபோது அவள் காகிதக் கொக்குகளை மடித்தாள்; அதன் நினைவாக நீங்கள் மடித்துக் கொண்டுபோகும் கொக்குகளை அங்கே வைக்கலாம்.

பாதியில் வெளியே வர விரும்பும் பிள்ளைக்காக ஓர் ஆசிரியர் வாசலில் இருக்கட்டும். பார்த்து முடித்ததும் உடனே கடைக்கோ அடுத்த இடத்துக்கோ இழுத்துப் போகாதீர்கள். ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். கேள்விகள் அப்போதுதான் வரும்.

நாராவில் மான்கள் பழகியவைதாம், ஆனால் கடிக்கும், முட்டும். அங்கே விற்கும் மான் பிஸ்கட்டைத் தவிர வேறு எதையும் தரக்கூடாது. வரைபடம், கையேடு என்று காகிதத்தையும் தின்றுவிடும். கியோட்டோவின் கியோனில் தனியார் சந்துகளுக்குள் நுழையத் தடை. அறிவிப்புப் பலகை உள்ள இடத்தில் திரும்பிவிடுங்கள்.

நிலம் அதிர்ந்தால்

சிறு அதிர்வு ஒன்றையாவது உணர வாய்ப்புண்டு. கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறும். மேசைக்கடியில் குனிந்து தலையைக் காப்பது, வெளியே ஓடாமல் இருப்பது, மின்தூக்கியில் ஏறாமல் இருப்பது, கடலோரத்தில் இருந்தால் அதிர்வு நின்றதும் உயரமான இடத்துக்கு ஏறுவது: இந்த நான்கும் ஒத்திகையில் சேரட்டும். ஜப்பான் சுற்றுலா முகமையின் 'சேஃப்டி டிப்ஸ்' செயலியை ஆசிரியர்கள் எல்லோரும் ஏற்றி வையுங்கள். விடுதிக்கு வந்த முதல் இரவே, பெட்டியைத் திறக்கும் முன், அவசரப் படிக்கட்டில் எல்லோரையும் ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள்.

ஒவ்வொரு இரவும்

ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். இரவு எட்டரைக்கு அறை எண்ணிக்கை எடுத்ததும் பெற்றோர் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஊரில் மாலை ஐந்து மணியாக இருக்கும். எல்லோரும் நலம், சாப்பிட்டார்கள், நாளை இந்த இடம். அவ்வளவு போதும். பிறகு ஆசிரியர்கள் பத்து நிமிடம் கூடி, யார் சரியாகச் சாப்பிடவில்லை, யார் பேசாமல் ஒதுங்குகிறார்கள், யாருக்குக் காலில் கொப்புளம் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். நான்காம் நாள்தான் பொதுவாக உடல் தளரும். அன்று அரை நாளைக் காலியாக விடுங்கள்; பூங்காவில் உட்கார்ந்து, துணி துவைத்து, மதியம் தூங்கட்டும்.

கடைசிக் காலை பொருள்களைச் சரிபார்க்கும்போது எதையாவது காணவில்லை என்றால் ரயில் நிலையத்திலோ கோபானிலோ கேளுங்கள், திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு மிக அதிகம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். சென்னையில் இறங்கியதும் பிள்ளையை யாரிடம் ஒப்படைத்தோம் என்று பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். தெரிந்த மாமா என்றாலும், பெற்றோர் எழுத்தில் சொல்லாதவரோடு அனுப்ப வேண்டாம். வீட்டில் தங்க வைத்த குடும்பங்களுக்குப் பிள்ளைகள் கைப்பட எழுதும் நன்றிக் கடிதம் இரண்டு வாரத்துக்குள் அஞ்சலில் போயிருக்க வேண்டும்.